அடி உள்ள சேறு

"ஒரே ஒரு டயரைச் சொல்லுங்க. எந்தச் சேத்துலயும் மாட்டாத டயர். அது போதும் எனக்கு."

வந்ததும் வராததுமாக அருணகிரி கேட்டார்.

ஜுலைகா வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை வெளியே நீட்டவில்லை.

"எந்தச் சேறு?" என்றாள்.

"சேறுன்னா சேறுதான்."

ஸ்பேனர் சத்தம் மட்டும் வந்தது.

அருணகிரிக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. பாதி ஆயுளை லாரியில் கழித்தவர். தில்லைத்துறை மீனவர் சங்கம் ஒரு ஏடிவி வாங்கியபோது, ஸ்டியரிங் பிடித்த கை என்று அவரிடம்தான் சாவியைக் கொடுத்தார்கள். பைக்கைப் போல ஹேண்டில், ஜீப்பைப் போல நாலு சக்கரம். ஊரில் அதற்குச் சேத்து வண்டி என்று பெயர். காயலோரச் சேற்றில் நண்டு பிடிக்கப் போய்ச் சிக்கிக்கொள்கிறவர்களைத் தூக்கி வருவதற்கு வாங்கியது.

இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் வண்டியே சிக்கிக்கொண்டது. மீட்கப் போன வண்டியை ஊரே சேர்ந்து வடம் கட்டி இழுத்தது. சிக்கியிருந்தவர்கள் தாங்களாகவே தவழ்ந்து கரையேறி, வடத்துக்குக் கை கொடுத்தார்கள்.

ஊர் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஜுலைகா காயலுக்கு எதிர்க்கரையில், கீழ்வாடியில் இருக்கிறாள். அவரைவிட நிறைய வயது சின்னவள். அலையாத்திச் செடி நடுகிறவர்களுக்கு இதே மாதிரி வண்டியில் நாற்று ஏற்றிப் போகிறவள். அவள் வண்டி சிக்கி யாரும் பார்த்ததில்லை என்று பேச்சு. சேற்றில் ஓட்டக் கற்றுக்கொள்ள எங்கெங்கிருந்தோ ஆட்கள் அவளிடம் வந்தார்கள்.

அருணகிரி சும்மா வரவில்லை. ஒரு லோடு ஆட்டோவில் இரண்டு செட் டயர் கொண்டுவந்திருந்தார்.

ஒரு செட் ஒல்லியானது, உயரமானது. மேலே ரப்பர்ப் பட்டன்கள் விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டு, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நின்றன. இன்னொரு செட் அகலமானது. தொட்டால் மெத்தென்று இருந்தது. பட்டன்கள் தாழ்வாக, நெருக்கமாக இருந்தன.

"இது சேத்தைத் தோண்டிக்கிட்டுப் போகும்னு ஒருத்தன் கொடுத்தான். அது சேத்து மேல மிதந்துக்கிட்டுப் போகும்னு இன்னொருத்தன் கொடுத்தான். ரெண்டு பேரும் சத்தியம் பண்றானுங்க. எது நிஜம்?"

ஜுலைகா இப்போது வெளியே வந்தாள். கையைத் துடைத்தாள். டயர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்கண்ணே," என்றாள்.

*

முதலில் ஒரு வாய்க்கால் ஓரம்.

"நடங்க."

அவர் இறங்கினார். சேறு கூழாக இருந்தது. முழங்கால்வரை போனார். அங்கே பாதத்துக்குக் கீழே சிப்பி நறநறவென்றது. ஊன்றி நின்றார். அடுத்த காலை எடுத்து வைத்தார். மறுகரைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. வாங்க."

அடுத்தது ஒரு திட்டு. தில்லை மரங்களைத் தாண்டி, வெயிலில் மினுமினுத்தது. மேலே காய்ந்து லேசாக வெடித்திருந்தது. முதல் இடத்தைவிட நல்ல தரையாகத் தெரிந்தது.

"நடங்க."

நாலைந்து எட்டு நன்றாகத்தான் போனார். அப்புறம் வலது கால் உள்ளே போனது. முழங்கால். தொடை. கால் எதையாவது தொடும் என்று காத்திருந்தார். தொடவில்லை. இடது காலை ஊன்றி வலதை இழுத்தார். இடதும் போனது.

"ஜுலைகாம்மா!"

அவள் கரையில் குந்தி உட்கார்ந்தாள்.

"கீழ ஒண்ணும் இல்லையே! உள்ள இழுக்குதே!"

"இப்ப எந்த டயர் வேணும்ணே?"

"கயிறு! கயிறு வேணும் எனக்கு!"

சேறு இடுப்பைத் தொட்டது. உதறினார். உதற உதற ஆழமாகப் போனார்.

"உதறாதீங்க," என்றாள் ஜுலைகா. அவள் குரல் உயரவில்லை. "மல்லாந்து படுங்க. கட்டில்ல படுக்குற மாதிரி. கையை விரிங்க. காலை மெதுவா ஆட்டுங்க. சுத்தித் தண்ணி இறங்கும். இறங்கினா விடும்."

படுத்தார். வேறு வழியில்லை. முதுகு சேற்றில் பட்டதும் முங்கப்போகிறோம் என்று நினைத்தார். முங்கவில்லை. காலை ஆட்டினார். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பொளக்கென்று ஒரு கால் வந்தது. இன்னொன்றும் வந்தது. நீந்துவதுபோல, ஊர்வதுபோல, முதுகாலேயே கரைக்கு வந்து சேர்ந்தார்.

வந்ததும் கோபம் பொங்கியது.

"அங்க அடி இல்லைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? ஒரு பெரிய மனுஷனை இப்படியா பண்றது?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"போயிருக்க மாட்டேன்."

ஜுலைகா தலையை ஆட்டினாள். எழுந்து வாய்க்காலில் கை கழுவப் போனாள்.

*

உடம்பு கழுவி, ஒரு டீ உள்ளே போனதும் அருணகிரிக்கு முகம் தெளிந்தது.

"புரிஞ்சிடுச்சு. படுத்தா முங்கலை, நின்னா முங்குது. அப்ப அகல டயர்தான். தோண்டுற டயரு தனக்குத்தானே குழி வெட்டிக்கும். என் வண்டியில இப்ப மாட்டியிருக்குறது இதே மாதிரி தோண்டுற டயர்தான். அதான் ரெண்டு வாட்டியும் முங்கிடுச்சு."

"ம்."

"அப்ப அகலத்தை மாட்டிடறேன்."

"என் வண்டியில அகலம்தான் கிடக்கு. ஏறுங்க."

அவரையே ஓட்டச் சொன்னாள். முதலில் நடந்த அந்த வாய்க்காலுக்கு வழி காட்டினாள்.

வண்டி கூழில் இறங்கியது. அகல டயர்கள் கூழின்மேல் வழுக்கின. சுற்றின. தாழ்வான பட்டன்களுக்கு நடுவே சேறு அப்பி, டயர் பூசணிக்காய் மாதிரி மொழுக்கென்று ஆனது. ஆக்சிலேட்டரை முறுக்கினார். வண்டி முன்னால் போகாமல் பக்கவாட்டில் நழுவியது. அவர் முழங்காலளவில் நடந்து கடந்த அதே வாய்க்கால்.

அருணகிரி இன்ஜினை நிறுத்திவிட்டு ஹேண்டில்மேல் குனிந்து உட்கார்ந்தார்.

"அப்ப ரெண்டும் வேணும். சரி. எதை எங்க மாட்டறது? ஒரு கணக்கு இருக்கும்ல? அதைச் சொல்லுங்க. மத்தவங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தீங்களாமே."

"யார் சொன்னா?"

"எல்லாருந்தான்."

ஜுலைகா சிரித்தாள்.

"நாளைக்குக் காலையில உங்க ஊருக்கு வரேன்," என்றாள்.

அருணகிரிக்கு நிம்மதியாக இருந்தது. வந்து பார்த்தால் சொல்லிவிடுவாள். தெரிந்தவள் ஒருத்தி பார்த்துச் சொல்லிவிட்டால் அப்புறம் கவலையில்லை.

*

மறுநாள் அவள் வந்தபோது, அவர் சங்கக் கொட்டகையில் ஜாக்கியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு செட் டயரும் சுவரில் சாய்ந்திருந்தன. வண்டியில் பழைய ஒல்லி டயர்கள்தான் இருந்தன.

ஜுலைகா உட்காரக்கூட இல்லை. நண்டு பிடிக்கிற வீரையன் ஓடி வந்தான். இடுப்பில் ஈர வேட்டி, முகமெல்லாம் சேறு.

"அண்ணே, பூமயிலு... பூமயிலு சிக்கிக்கிட்டா!"

பூமயில் அவன் மனைவி. நண்டு வளையில் கை விட்டுப் பிடிப்பதில் ஊரில் அவளுக்கு நிகர் கிடையாது.

"எங்க?"

"பழைய கழிமுகத்துக்கு அந்தாண்ட. இடுப்புக்கு மேல போயிட்டா. நான் இழுத்துப் பாத்தேன், நானும் போகப் பாத்தேன். அண்ணே, மேக்க மழையாம். ஆத்துத் தண்ணி காயலுக்கு வந்துடுச்சு. அவளைச் சுத்தித் தண்ணி ஊறுது."

"படகு?"

"மிதக்கத் தண்ணி எங்க இருக்கு? படகு மிதக்குற அளவுக்குத் தண்ணி வந்தா அவ தலைக்கு மேல போயிருமே!"

அருணகிரி சுவரில் சாய்ந்திருந்த அகல டயர்களைப் பார்த்தார். நாலையும் மாற்ற வேண்டும். நேரமில்லை. அந்தப் பக்கம் அடி இல்லாத சேறு என்று அவருக்குத் தோன்றியது. மாட்டியிருப்பதோ தோண்டுகிற டயர்.

"ஜுலைகாம்மா, நீங்க ஓட்டுங்க."

சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"உங்க வண்டி," என்றாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அவருக்கு ஆத்திரம் வந்தது. ஒரு கணம்தான். தவறாகப் போனால் பின்னாலிருந்து சொல்லிவிடுவாள் என்று நினைத்ததும் அது அடங்கியது. குனிந்து, சேற்றில் நன்றாகப் பதியட்டும் என்று ஒவ்வொரு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். ரொம்ப இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பக்கச் சுவர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்தினார். கொட்டகையில் கிடந்த நீளக் கயிறு, ஒரு பலகை, படகு தள்ளுகிற மூங்கில் கழி. மூன்றையும் வண்டியில் கட்டினார்.

வண்டி கிளம்பியது. வீரையன் முன்னால் ஓடி வழி காட்டினான்.

*

பழைய கழிமுகம்வரை கஷ்டமில்லை. அதற்கு அப்பால் கூழ் தொடங்கியது.

அருணகிரி வண்டியை நிறுத்தினார். இறங்கிக் கழியைக் குத்தினார். முழங்காலளவு போய் டக்கென்று நின்றது.

அடி இருக்கிறது.

ஏறினார். ஒல்லி டயர்கள் கூழைக் கிழித்துக்கொண்டு அடியைப் பிடித்தன. பட்டன்கள் சேற்றை வாரி வாரிப் பின்னால் எறிந்தன. வண்டி ஊர்ந்தது, நிற்கவில்லை.

கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்தினார். மறுபடி இறங்கிக் குத்தினார். டக்.

"அண்ணே, ஏன் நிறுத்தறீங்க? அவ தெரியறா பாருங்க!"

தெரிந்தாள். சேற்றுப் பரப்பில் நெஞ்சுக்கு மேலே மட்டும். இரண்டு கையையும் நண்டுக்கூடைமேல் ஊன்றியிருந்தாள். அவளைச் சுற்றித் தண்ணீர் வெள்ளித் தகடாக விரிந்து வந்துகொண்டிருந்தது.

அவர் திரும்பி ஜுலைகாவின் முகத்தைப் பார்த்தார். அவள் பூமயிலைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. கழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறினார். இன்னும் கொஞ்சம். நிறுத்தினார். குத்தினார்.

கழி போனது. போய்க்கொண்டே இருந்தது. அவர் மணிக்கட்டுவரை சேற்றில் இறங்கியும் எதையும் தொடவில்லை.

இழுத்து எடுத்தார். பக்கத்தில் குத்தினார். அங்கேயும் இல்லை. வண்டியின் முன்சக்கரத்துக்கு அருகே வந்து குத்தினார். டக்.

இவ்வளவுதான்.

"விடுங்கண்ணே! வேகமா விட்டா தாண்டிடலாம்!" வீரையன் ஹேண்டிலைப் பிடித்து உலுக்கினான். "வெறும் கல்லெறி தூரம்ணே! இங்க வந்து நிறுத்தறீங்களே! நீங்க மனுஷனா?"

தாண்டிவிடலாம் என்றுதான் அருணகிரிக்கும் தோன்றியது. கை முறுக்கத் துடித்தது. இதற்கு முன் இரண்டு தடவையும் இப்படித்தான் தோன்றியிருந்தது. ஜுலைகாவை மறுபடி பார்த்தார். அவள் இன்னும் கழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் போட்டுவிட்டு, கயிற்றை அவிழ்த்து ஒரு முனையை வண்டியில் கட்டினார்.

"கயிறு ஒரு முனை வண்டியில. நான் கையைத் தூக்கினா ரிவர்ஸ் எடுங்க. மெதுவா. ரொம்ப மெதுவா."

"சரிங்கண்ணே," என்றாள் ஜுலைகா. முன்சீட்டுக்கு நகர்ந்தாள்.

வீரையன் அவரைத் தாண்டி ஓடப் பார்த்தான். அருணகிரி அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்.

"நீயும் போனா ரெண்டு பேரை எடுக்கணும். கயிறு சிக்காமப் பாத்துக்க."

பலகையைச் சேற்றில் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்தார். கயிற்றின் மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவித் துழாவித் தள்ளினார். மூக்கில் தண்ணீர் ஏறியது. உப்பு இல்லை. ஆற்றுத் தண்ணீர்.

*

பூமயில் அழவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"அண்ணே, தண்ணி வருதுண்ணே."

"வரட்டும்மா."

"கழுத்துக்கு வந்துரும்ணே."

"வரட்டும். அதுதான் உன்னைக் கழட்டிவிடணும். கூடையை விட்டுட்டுப் பலகையைப் பிடி. சாஞ்சுக்க."

"சாஞ்சா முங்கிடுவேன்!"

"முங்க மாட்ட. நான் நேத்து முங்கலை."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கூடையை விட்டாள். பலகையைப் பிடித்துச் சாய்ந்தாள். தண்ணீர் அவள் காதைத் தொட்டது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அருணகிரி தன் இடுப்பில் கட்டியதுபோக மீந்த கயிற்றை அவள் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டினார். பிறகு அவள் தொடையை ஒட்டிக் கையை விட்டுச் சேற்றைக் கலக்கினார். கலக்கிய இடத்தில் தண்ணீர் இறங்கியது.

"காலை ஆட்டு. இழுக்காத, ஆட்டு."

"வரமாட்டேங்குது."

"ஆட்டு."

தண்ணீர் அவள் வாயோரம் வந்தது. அவர் இடது கையால் அவள் பின்னந்தலையைத் தாங்கினார். வலது கை தோள்வரை சேற்றுக்குள் இருந்தது. வண்டிப் பக்கம் வீரையன் ஏதோ கத்துவது கேட்டது. என்னவென்று காதில் விழவில்லை.

அவள் முழங்கால் அசைந்தது. அவர் விரல்களில் தெரிந்தது.

கையைத் தூக்கினார்.

கயிறு இறுகியது. அந்தப் பக்கம் ஒல்லி டயர்கள் அடித்தரையைக் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தன. வழுக்கவில்லை. ஜெர்க் இல்லை. ஒரு சாண். இன்னொரு சாண். பூமயில் வீல் என்று கத்தினாள். பொளக்கென்று ஒரு சத்தம். பலகையும் அவளும் அவரும் ஒரே கொத்தாகச் சேற்றின்மேல் சறுக்கிக்கொண்டு போனார்கள்.

கழி டக்கென்று நின்ற இடத்துக்கு வந்ததும் அருணகிரி காலை ஊன்றினார். நின்றது.

*

கரைக்கு வந்தபோது, அவர்கள் விட்டுவந்த இடமெல்லாம் தண்ணீர். நண்டுக்கூடை மிதந்து போய்க்கொண்டிருந்தது.

பெண்கள் பூமயிலைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். வீரையன் அருணகிரியிடம் வந்தான். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் ஓடினான்.

அருணகிரி வண்டியின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். ஜுலைகா ஒரு குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினாள். மீதியில் தன் முகத்தைக் கழுவினாள்.

"நான் நிறுத்தினது சரியான இடந்தானே?" என்று கேட்டார்.

"வண்டி முங்கலையே."

"ரொம்பப் பயந்துட்டேம்மா. வீரையன் திட்டினப்ப விட்டுடலாம்னுதான் இருந்தேன். நீங்க பின்னாடி இருக்கீங்கன்னுதான் ஒரு தைரியம்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டடி முன்னால போயிருந்தேன்னு வைங்க. தோள்ல தட்டி நிறுத்தியிருப்பீங்கல்ல?"

ஜுலைகா முந்தானையை இறக்கி அவரைப் பார்த்தாள்.

"எப்படித் தட்டுறதுண்ணே? இந்தக் கரைக்கே நான் இன்னைக்குத்தான் வரேன்."